கோட்டை வாசலில் ஒரு கோழி

எட்டுச் செலவு அன்று என் கணவரின் படத்துக்கு முன்னால் ஒரு சாராயப் போத்தலை வைத்தார்கள். செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் எட்டாம் நாள் சமைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். படைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து அறைக் கதவைச் சாத்திவிடுவோம். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட வேண்டும், நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றால் கூச்சப்படுவார் என்று சொல்வார்கள். என் மனிசன் சாராய மணம் வந்தாலே முகத்தைச் சுளிக்கிறவர். கலியாண வீடுகளில் மற்ற ஆண்கள் பின்வளவுப் பக்கம் ஒதுங்குகிற நேரத்தில் இவர் பந்தியில் இருந்து இரண்டாம் தரமும் பாயாசம் கேட்பார். இதை நான் சொன்னபோது மச்சாள், அதாவது அவருடைய அக்கா, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆம்பிளையளுக்கு வைக்கிறதுதான். நீ பேசாமல் இரு."

பேசாமல்தான் இருந்தேன். அழுது களைத்துப் போயிருந்தேன், வாய் திறக்கத் தெம்பில்லை. சாத்திய கதவுக்கு வெளியே நிற்கும்போது, உள்ளே அவர் அந்தப் போத்தலை என்ன செய்துகொண்டிருப்பார் என்று யோசித்தேன். யன்னலுக்கு வெளியே எடுத்து வைத்திருப்பார்.

அவருக்கு உண்மையிலேயே விருப்பமானது ஒன்று இருந்தது. அதை யாரும் நினைக்கவுமில்லை, நினைத்திருந்தாலும் வைத்திருக்க மாட்டார்கள். அது கொம்பியூட்டரில் விளையாடுகிற கடற்கொள்ளைக்காரர் விளையாட்டு. தபால் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறிய மனிசன், தலை முழுக்க நரை, கோயிலில் தேவாரம் பாடினால் பத்துப்பேர் திரும்பிப் பார்க்கும் குரல். அவருக்கு விருப்பம் கொள்ளைக்காரர் விளையாட்டு. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நாங்களும் சிரித்துக்கொண்டுதான் விளையாடினோம்.

சண்டை நின்ற சமாதான காலத்தில், பூட்டிக் கிடந்த பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து எல்லாம் வந்தன. குளிர்சாதனப் பெட்டி வந்தது, மோட்டார்சைக்கிள் வந்தது, யாரோ பாவித்துக் கழித்த கொம்பியூட்டர்களும் லொறி லொறியாக வந்தன. மகளின் படிப்புக்கு என்று சொல்லி இவரும் ஒன்றைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தார். கூடவே ஒரு சீடியும் வந்தது. அதன் மேல் யாரோ கறுப்பு மார்க்கரால் கிறுக்கி எழுதியிருந்தார்கள். மகள் படித்தாள், படித்து முடித்து எழும்பினாள். அவள் எழும்பிய கதிரையில் இவர் இருந்தார்.

விளையாட்டில் எல்லாம் இங்கிலீஷ். இவருடைய இங்கிலீஷ் தந்தி அடிக்கவும் பார்சலில் விலாசம் வாசிக்கவும் போதும், அதற்கு மேல் ஓடாது. நான் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்து இங்கிலீஷ் ரீச்சராக இருந்தவள். ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவர் மவுசைப் பிடிப்பார், நான் பக்கத்தில் இருந்து வாசித்துத் தமிழில் சொல்வேன். "என்ன சொல்லுறான்? வாசியும்" என்பார். வாசித்தால், "உவன் பொய் சொல்லுறான்" என்பார். இருபது வருசக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாகச் செய்த வேலை வேறொன்றும் எனக்கு ஞாபகமில்லை.

கதை சின்னதுதான். பெரிய தொப்பி போட்ட ஒரு மெலிந்த பொடியனின் கப்பலை ஒரு கோட்டைக்காரக் கவர்னர் பறித்துத் தன் துறைமுகத்தில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்கிறான். பொடியன் தீவு தீவாக அலைந்து, ஆட்களைச் சேர்த்து, கோட்டைக்குள் புகுந்து கப்பலை மீட்க வேண்டும். நாங்கள் அவனை 'எங்கடையாள்' என்போம். கனநேரம் மவுசை அசைக்காமல் விட்டால் எங்கடையாள் அப்படியே நிலத்தில் குந்தி, கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்ப்பான். "பாவம், கால் உளையுது அவனுக்கு" என்று இவர் உடனே மவுசை அசைப்பார்.

எங்கடையாளிடம் ஒரு பை இருந்தது. வழியில் கிடைப்பதையெல்லாம் அதற்குள் போடலாம். கயிறு, மெழுகுதிரி, ஒற்றைச் சப்பாத்து என்று போட்ட ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் உதவியது. ஒன்றைத் தவிர. முதல் தீவின் சந்தையில் ஒரு கோழி நிற்கும், அதையும் இவர் பிடித்துப் பைக்குள் போட்டிருந்தார். அது ஒன்றுக்கும் உதவவில்லை. சும்மா இருந்து கொக்கரித்தது.

"உது சும்மா பகிடிக்கு வைச்சது. விட்டிட்டு வாங்கோ," என்றேன் நான்.

"இஞ்சாரும், படம் கீறுறவன் ஒருத்தனும் சும்மா ஒரு கோழியைக் கீறமாட்டான்."

இந்தக் கோழியால் எங்களுக்குள் வந்த சண்டைகள் கொஞ்சமல்ல. சோறு பரிமாறும்போதுகூட நடந்திருக்கிறது.

எல்லாத் தீவும் முடிந்து கடைசியாகக் கோட்டை வாசலுக்கு வந்தோம். அங்கே மீசைக்காரக் காவலாளி ஒருவன் நின்றான். அவன் ஒரு கொடியின் பாதியைக் காட்டி, மற்றப் பாதி எது என்று கேட்பான். கீழே பல கொடிகள் வரும், ஒன்றைத் தொட வேண்டும். தொட்டோம். பிழை என்று சொல்லி எங்கடையாளைத் தூக்கிக் கடலில் எறிந்தான். நீந்தி வந்து திரும்பப் போய் நின்றோம். இந்த முறை வேறு கொடி, வேறு பாதி. மறுபடியும் கடல்.

நாங்கள் இருவரும் அதில் ஒரு சந்தேகமும் படவில்லை. இதை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரரிடம் சொன்னாலும் நம்புவார்களோ தெரியாது. இவர் புத்தூரிலிருந்து பருத்தித்துறைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தவர். வழியில் ஆமிக்காரர் மறிக்கிற இடத்தில் பஸ் நிற்கும், இறங்குவார்கள், வரிசையில் நடப்பார்கள், அடையாள அட்டையைக் காட்டுவார்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேள்வி வரும். நேற்றுச் சரியாக இருந்த பதில் இன்றைக்குப் பிழையாக இருக்கும், ஏன் என்று கேட்க முடியாது. திருப்பி அனுப்பினால் திரும்பி வந்து மறுநாள் போவார். அப்படிப் போய்வந்த மனிசனுக்குக் கோட்டை வாசலில் ஒருவன் நின்று அர்த்தமில்லாத கேள்வி கேட்பதில் என்ன புதுமை இருக்கிறது? எனக்குத்தான் என்ன புதுமை?

"இண்டைக்கு உவன்ரை முகம் சரியில்லை. நாளைக்குப் பாப்பம்," என்று சொல்லிக் கொம்பியூட்டரை நிற்பாட்டிவிட்டு எழும்புவார். நானும் ஓம் என்று எழும்பி அடுப்படிக்குப் போவேன். காவலாளிக்கு மறுநாள் மனம் இளகும் என்று இரண்டு படித்த மனிசர் உண்மையாகவே நம்பினோம்.

பிறகு கோழியைக் கொடுத்துப் பார்த்தார். "அது எனக்கு வேண்டாம்" என்றான் காவலாளி. வாசித்துச் சொன்னேன்.

"அப்பிடித்தான் சொல்லுவான். பின்னாலை ஆக்கள் நிக்கினமெல்லே. தனிய நிக்கேக்கை நீட்டவேணும்."

விளையாட்டுக்குள் பொழுது சாயும்வரை காத்திருந்து தனிய நிற்கும்போது நீட்டினார். அப்போதும் அதே பதில்தான். இவர் விடவில்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று நாங்கள் கதைக்காத நாளில்லை. நான் நேரே துறைமுகம் வரும் என்றேன். இவர் பெரிய முற்றம், பீரங்கி, நடுவில் ஒரு மாமரம் என்று கண்ணால் கண்டவர் போலச் சொல்வார்.

பிறகு சண்டை தொடங்கித் திரும்பவும் பாதை பூட்டுப்பட்டது. கொம்பியூட்டரில் ஏதோ ஒன்று எரிந்தது, மாற்றச் சாமான் இல்லை. எரிந்த பெட்டியின் மேல் துணி விரித்து மச்சாள் சாமிப் படம் வைத்தார். சண்டை முடிந்தது, மகள் கொழும்புக்கு வேலைக்குப் போனாள், நாங்கள் இருவரும் இளைப்பாறினோம். ஆனால் அந்த வாசல் அவருடைய மனத்தை விட்டுப் போகவில்லை. முகம் வழித்துக்கொண்டு நிற்கும்போது திடீரென்று, "அண்டைக்குக் காட்டின பாதி, பச்சைக் கொடியின்ரை பாதியோ தெரியாது" என்பார். நானும் எந்தக் கொடி என்று கேட்காமல் பதில் சொல்வேன்.

அந்த விளையாட்டைப் புதிதாகக் கீறி, புதுப் பாட்டுப் போட்டுத் திரும்ப வெளியிடப் போகிறார்கள் என்று அவர் போனில் கண்டுபிடித்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். கிணற்றடியில் நின்ற என்னிடம் ஈரக் காலோடு ஓடிவந்து போனை நீட்டினார். மகள் தன்னுடைய லப்டொப்பைத் தருவதாகச் சொன்னாள். அவர் காத்திருக்கத் தொடங்கினார். இருதயம் காத்திருக்கவில்லை. பருத்தித்துறை ஆசுப்பத்திரியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் கேட்டார்.

"வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லையப்பா."

"கோழியை விட்டிருப்பினமோ, எடுத்திருப்பினமோ."

எங்களுக்குள் நடந்த கடைசிக் கதைகளில் இதுவும் ஒன்று. மற்றவர்களுடைய கணவன்மார் கடைசியில் கடவுளைக் கேட்டதாகவும் பிள்ளைகளைக் கேட்டதாகவும் சொல்கிறார்கள். என்னுடையவர் கோழியைக் கேட்டார். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொஞ்ச நாளில் விளையாட்டு வந்தது. மகள் லப்டொப்பைக் கொண்டுவந்து அதைப் போட்டுத் தந்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனாள். நான் மனத்துக்குள் ஒன்றே ஒன்றுதான் நினைத்துக்கொண்டேன். அந்த வாசலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அவர் பார்க்காமல் போனதை நான் பார்த்து அவருக்குச் சொல்ல வேண்டும். கோயில், குளம், சாந்தி, ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அது மட்டும் வேண்டியிருந்தது.

செத்த வீட்டில் ஒரு வருசத்துக்கு ஒரு கொண்டாட்டமும் இல்லை. பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை. எங்கள் கோயில் திருவிழாவுக்கு அளவெட்டியிலிருந்து மேளம் வந்திருந்தது. தவில் சத்தம் வீட்டுக்குள் வந்து சுவரில் முட்டியது, நான் வாசற் படலையைத் தாண்டவில்லை. மாசம் மாசம் அவருடைய திதியில் மாசியம் கொடுத்தேன். இதிலெல்லாம் நான் யாரோடும் எதிர்த்துக் கதைக்கவில்லை. ஆனால் லப்டொப்பைத் திறந்ததும் கடற்கொள்ளைக்காரரின் பாட்டு பின்வேலியைத் தாண்டிப் போயிருக்கிறது. மச்சாள் எங்கள் வளவின் பின்வீட்டில் இருக்கிறார். சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்.

"என்ன கூத்திது? தம்பி செத்து இன்னும் ஈரம் காயேல்லை. வீட்டுக்குள்ளை பாட்டும் மேளமும் கேக்குது!"

"உது அவரின்ரை விளையாட்டு, மச்சாள். அவர் வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தது."

"அவன் இருந்தால் விளையாடலாம். அவன் இல்லாத வீட்டிலை உனக்கென்ன விளையாட்டு? ஆண்டுத் திவசம் முடியட்டும், பேந்து பாப்பம். இப்ப மூடி வை."

"நீங்கள் பின்னேரத்திலை ரீவியிலை நாடகம் பாக்கிறியள்தானே. அதிலை கிழமைக்கொரு கலியாணம் நடக்குது."

"அது செய்திக்கு எண்டு போட்டால் இடையிலை வருது!"

மச்சாள் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் குற்றமாகிவிட்டது. மச்சாள் கெட்டவர் இல்லை. என் மனிசன் செத்த பிறகு ஒரு நேரம்கூட என்னைப் பட்டினி இருக்கவிடாமல் புட்டும் குழம்பும் கொண்டுவந்து வைத்தவர். தம்பிக்காக அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் துக்கத்துக்கு ஒரு அளவுச்சட்டை தைத்து வைத்துக்கொண்டு, எல்லோரும் அதைத்தான் போட வேண்டும் என்றால் எப்படி? எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

அதற்குப் பிறகு லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரரின் போன் வரத் தொடங்கியது. எல்லோருக்கும் மச்சாள் சொல்லியிருந்தார். மனம் பேதலித்துப் போச்சோ, யாரையாவது கூட வந்து நிற்கச் சொல்லவோ என்று கேட்டார்கள். ஊர் என்ன கதைக்கும் என்றும் கேட்டார்கள். அடுத்த நாள் நான் மேசையை அறைக்குள்ளிருந்து விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு வந்து, பருத்தித்துறை றோட்டைப் பார்த்தபடி போட்டேன். லப்டொப்பைத் திறந்து சத்தத்தைக் கூட்டி வைத்தேன். வெங்காயம் ஏற்றிப் போன லொறிக்காரர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன், கதைக்கிறவர்களுக்கு நேரே கண்டுவிட்டுக் கதைப்பது வசதியல்லவா.

மவுஸ் என் கைக்குப் பழக்கமில்லை. அது எப்போதும் அவருடைய கை. எங்கடையாளை நான் சுவரில் முட்டினேன், கடலில் விழுத்தினேன், கப்பற் சண்டையில் பல தரம் சாகக் கொடுத்தேன். வாசிக்க ஆளிருந்தது, ஓட்ட ஆளில்லை. புதிய விளையாட்டில் ஒரு விசையை அமத்தினால் எங்கே போக வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று அதுவே மினுக்கிக் காட்டுமாம். மகள் போனில் சொன்னாள்.

"அமத்தமாட்டன்," என்றேன்.

"ஏனம்மா கஷ்டப்படுறியள்?"

"அப்பா ஆரிட்டையும் கேக்கேல்லை. நானும் கேக்கமாட்டன்."

முதல் தீவின் சந்தையில் கோழி நின்றது. முன்பெல்லாம் அது நாலு சதுரத்தைச் சேர்த்து ஒட்டியது போல இருக்கும். இப்போது சிறகு சிறகாகக் கீறி, கொண்டை வைத்து, கண் மூடித் திறந்தது. விறாந்தையில் றோட்டுக்கு முன்னால் இருந்து நான் அழுதேன். ஆசுப்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, 'விட்டிருக்கினம், எடுக்கேல்லை' என்று சொல்ல முடியாமல் போன அழுகை. பிறகு கோழியைப் பிடித்துப் பைக்குள் போட்டேன்.

தீவுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஒரு பின்னேரம் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தேன். கொடிகளைப் பற்றி அவர் சொல்லி வைத்திருந்த ஊகங்களையெல்லாம் மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன்.

காவலாளி இல்லை. வாசல் ஆவென்று திறந்து கிடந்தது.

நான் பிழையாக எங்கோ வந்துவிட்டேன் என்று நினைத்து மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, அது கதையே இல்லையாம். கள்ளக் கொப்பி அடிக்கிற ஆக்களைப் பிடிக்கிறதுக்கு வைச்ச பூட்டாம். காசு குடுத்து வாங்கினால் பெட்டிக்குள்ளை ஒரு வட்ட அட்டை வரும், அதைத் திருப்பித்தான் கொடியைப் பாக்கவேணும். எங்கடை சீடி கொப்பி அடிச்சதெல்லே. இப்ப அந்தப் பூட்டுத் தேவையில்லை எண்டு காவலாளியை எடுத்துப்போட்டினம்."

அட பாவிகளே. ஒரு முத்திரையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிசன், கள்ள சீடியை வைத்துக்கொண்டு, கள்ளனைப் பிடிக்க நின்றவனிடம் நாளைக்கு முகம் நல்லாயிருக்கும் என்று காத்திருந்திருக்கிறார். இதற்குச் சிரிப்பதா அழுவதா? காவலாளி கேள்வி கேட்டால் அது வழமை என்று நினைக்க எங்களைப் பழக்கியிருந்தார்கள். வேறு ஊரில் வளர்ந்திருந்தால் இரண்டாம் நாளே, இதென்ன விசர்க் கேள்வி என்று யாரையாவது கேட்டிருப்போம். எனக்கு வந்த கோபம் அந்த விளையாட்டைச் செய்தவர்களோடு இல்லை. யாரோடு என்று உங்களுக்கும் தெரியும்.

ஆனால் உள்ளே போகக் கை வரவில்லை. அவர் வருசக்கணக்காக நின்று கால் உளைந்த வாசல். ஒரு கேள்வியும் இல்லாமல், அவரும் இல்லாமல், நான் மட்டும் நடந்து போவதா? எங்கடையாள் குந்தியிருந்து கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். லப்டொப்பை மூடி, துணி சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன். பல கிழமைகள் திறக்கவில்லை.

விறாந்தை மேசை வெறுமையாக இருப்பதை மச்சாள் கண்டார். புட்டோடு அன்றைக்கு ஒரு முட்டைப் பொரியலும் வந்தது. ஒருநாள் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசிக்கு நின்றபோது, பக்கத்தில் நின்ற மனிசி என் கையைப் பிடித்து, "நல்ல வேலை செய்தனீங்கள் பிள்ளை. மச்சாள் சொன்ன சொல்லுக்கு மரியாதை குடுத்து அந்தக் கூத்தை நிப்பாட்டினியளாம்" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. அவருக்காக நான் நின்ற இடத்தை, இவர்களுக்குப் பயந்து நின்றதாக ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது! அரிசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவெடுத்துவிட்டேன். அந்த வாசலுக்குள் நான் போவேன். ஆண்டுத் திவசத்தன்று, எல்லோரும் இருக்கிறபோது, அவருடைய படத்துக்கு முன்னால் போவேன்.

திவசத்தன்று காலையில் ஐயர் வந்து கிரியைகளை முடித்துப் போனார். சொந்தம் எல்லாம் கூடியிருந்தது, மகளும் வந்திருந்தாள். மத்தியானம் படத்துக்கு முன்னால் தலைவாழையிலை போட்டு, சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம் எல்லாம் மச்சாள் தன் கையால் படைத்தார். நான் அலுமாரியைத் திறந்து லப்டொப்பை எடுத்துவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். மவுசை அவருடைய வலக்கைப் பக்கமாக வைத்தேன். திரையில் கோட்டை வாசல் வந்தது. படம் அணையாமல் நிற்க மகள் ஏதோ செய்துவிட்டாள்.

கூடி நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"உதை எடு," என்றார் மச்சாள்.

"எடுக்கமாட்டன்."

"படையலுக்கு முன்னாலை உதை வைக்கிற வழக்கம் எங்கை இருக்கு?"

"விருப்பமானதை வைக்கிறதுதானே வழக்கம். அண்டைக்கு அவர் வாயிலை வைக்காத சாராயத்துக்கு இடம் இருந்தது. இதுக்கு இல்லையோ?"

"ஊர்ச்சனம் எல்லாம் நிக்குது. எனக்கு மானம் போகுது."

"மச்சாள், உங்கடை தம்பி ஆசுப்பத்திரியிலை ஒவ்வொரு நாளும் இதைத்தான் கேட்டவர். நான் இல்லையெண்டு சொல்லிச் சொல்லியே அனுப்பிப்போட்டன். இண்டைக்கும் இல்லையெண்டு சொல்லமாட்டன். இதை எடுக்கவேணுமெண்டால் இலையையும் எடுங்கோ. படையலே வேண்டாம்."

என் குரல் உயர்ந்துதான் இருந்தது. உயர்ந்ததற்காக நான் வருந்தவில்லை. மச்சாள் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு கர்ப்பூரத்தைக் கொளுத்தினார். எல்லோரும் வெளியே வந்தோம், கதவைச் சாத்தினோம்.

விறாந்தையில் நின்றவர்கள் என்னை விட்டுத் தள்ளி நின்றார்கள். மகள் மட்டும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில், நான் சத்தியமாகக் கேட்டேன், கோழி கொக்கரித்தது. பைக்குள் இருந்து அது இடைக்கிடை கொக்கரிக்கும் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. பின்னால் நின்ற ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

கதவைத் திறந்தபோது சாம்பிராணி புகைந்து முடிந்திருந்தது. வடையில் இரண்டு எறும்பு ஏறியிருந்தது. எங்கடையாள் வாசலுக்கு முன்னால் குந்தியிருந்து, கையைக் கட்டிக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இலைக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். மவுசைப் பிடித்தேன், அவனை எழுப்பி வாசலுக்குள் நடத்திக்கொண்டு போனேன்.

பீரங்கி இல்லை, மாமரமும் இல்லை. நான் சொன்ன துறைமுகமும் இல்லை. சின்ன முற்றம் ஒன்று, அதன் மூலையில் புகை படிந்த ஒரு குசினி. குசினி வாசலில் கொழுத்த சமையற்காரன் ஒருவன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான். அவன் கதைக்கத் தொடங்கினான். பழக்கதோசம், நான் வாசித்து உரக்கத் தமிழில் சொன்னேன், படத்தைப் பார்த்து.

"கவர்னருக்கு விருந்தாம். சந்தையிலை வாங்கி வைச்ச கோழி ஓடிப்போச்சாம். கோழி இல்லையெண்டால் தன்ரை தலை போயிடுமாம். ஆராவது ஒரு கோழி தந்தால், கப்பல் கட்டின சங்கிலிப் பூட்டின்ரை திறப்பைத் தாறானாம்."

சொல்லி முடித்ததும்தான் நான் சொன்னது என்ன என்று எனக்கே விளங்கியது. பையைத் திறந்தேன். கோழியை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் எழும்பிக் கூத்தாடிக்கொண்டு வந்து திறப்பைத் தந்தான்.

"கோழி சரிதானப்பா," என்றேன் படத்தைப் பார்த்து. "ஆள்தான் பிழை."

சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. ஆண்டுத் திவச வீட்டில், ஐயர் வந்துபோன அன்றே, சொந்தபந்தம் எல்லாம் நிற்க, நிலத்தில் இருந்து வயிறு குலுங்கச் சிரித்தேன். கண்ணீர் வந்தது, துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தேன்.

"மரக்கறிப் படையலுக்கு முன்னாலை என்ன கோழிக் கதை?" என்றார் மச்சாள். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"உங்கடை தம்பியின்ரை கோழி. ஒருத்தனும் சும்மா ஒரு கோழியைக் கீறமாட்டான் எண்டு சொன்னவர். நான்தான் நம்பேல்லை."

மச்சாள் குனிந்து திரையைப் பார்த்தார். "இனி அதை மூடு, சனத்துக்குச் சாப்பாடு போடவேணும்," என்றார்.

"நீங்கள் போடுங்கோ, மச்சாள்," என்றேன். "எனக்கு இன்னும் கப்பலை அவிழ்க்கக் கிடக்கு."